ஒன்றாய் வாங்குவதா, ஒவ்வொன்றாய் வாங்குவதா?

(அறக்கட்டளை விழாவின் தொழில்முனைவோர் அமர்வில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தொழில் நடத்துவோர் கணினிச் செயலிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது இந்த அமர்வுக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இது பெருநகர அலுவலகங்களுக்கு உரிய பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஆரணி, களம்பூர், வந்தவாசி வட்டாரத்து அரிசி ஆலை ஒன்றை மாலை ஆறு மணிக்கு மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்தால், பொருள் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும்.

நெல் ஏற்றிய டிராக்டர் எடைமேடையில் நிற்கிறது. எடைமேடைக் கணினியில் எடை பதிவாகிச் சீட்டு அச்சாகிறது. அந்தச் சீட்டைப் பார்த்து ஈரப்பதத்தையும் கருக்காய்க் கழிவையும் ஒருவர் நோட்டில் எழுதுகிறார். நோட்டைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை டாலியில் கொள்முதலைப் பதிகிறார். விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையை வேறொருவர் எக்செல் தாளில் ஏற்றி வங்கிக்கு அனுப்புகிறார். அரிசி விற்ற பட்டியல் இன்னொரு செயலியில் இருக்கிறது. சென்னை வியாபாரியின் நிலுவை விவரம் வாட்ஸ்அப்பில் படமாகப் போகிறது. ஒரே நெல் ஐந்து இடங்களில் ஐந்து முறை எழுதப்படுகிறது. ஓரிடத்தில் 6 என்பது 9 ஆகிவிட்டால் போதும். விவசாயிக்குப் போகும் தொகை தவறிவிடும். அவர் சண்டைக்கு வரமாட்டார். அடுத்த போகத்தில் டிராக்டரை அடுத்த ஆலைக்குத் திருப்பிவிடுவார், அவ்வளவே.

இத்தகைய ஆலைக்கு ஒரு நாள் ஒரு விற்பனையாளர் வருகிறார். கணக்கு, சரக்கிருப்பு, பட்டியல், வாடிக்கையாளர் விவரம், ஊழியர் வருகை, சம்பளம், மின்னஞ்சல் என அத்தனையும் ஒரே தொகுப்பில் கிடைக்கும், ஒரே சந்தா, ஒரே கடவுச்சொல் என்கிறார். மறுவாரம் இன்னொருவர் வருகிறார். அவர் கையில் இருப்பது அரிசி ஆலைக்கென்றே எழுதப்பட்ட தனிச்செயலி. நெல் ஊறல் தொட்டிக்குப் போவதிலிருந்து தவிடு லாரி ஏறுவது வரை அதற்குத் தெரியும். ஆனால் சம்பளப் பட்டியலும் மின்னஞ்சலும் தெரியாது. இருவர் சொல்வதும் பொய்யன்று. இருவரில் யாரைத் தெரிவது என்பதே கேள்வி.

முதலில் தொகுப்பு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஏதோ சலுகை, விழாக்காலத் தள்ளுபடி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கை 1963ஆம் ஆண்டில் விளக்கியவர் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர். அவர் எடுத்துக்கொண்டது கணினி அன்று, திரைப்படம். அமெரிக்காவில் பட நிறுவனங்கள் தம் பழைய படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கட்டுக்கட்டாகவே விற்றுவந்தன. 'காசபிளாங்கா' போன்ற புகழ்பெற்ற படம் வேண்டுமென்றால் 'கொரில்லா மேன்' போன்ற படங்களையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வழக்கம் சட்டத்திற்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் ஏன் அவ்வாறு கட்டி விற்றன என்பதைத்தான் ஸ்டிக்ளர் ஆராய்ந்தார்.

அவர் கருத்தை இந்த வட்டாரத்துக் கடைகளை வைத்தே விளக்கலாம். ஓர் அரிசி ஆலைக்குக் கணக்குச் செயலி மாதம் 1000 ரூபாய் பெறும். வாடிக்கையாளர் செயலி 300 ரூபாய்தான் பெறும். ஆரணியில் பட்டு விற்கும் கடைக்கோ நேர்மாறு: வாடிக்கையாளர் செயலிக்கு 1000 தரலாம், கணக்குச் செயலிக்கு 300 தரலாம். விற்பவர் ஒவ்வொன்றுக்கும் 1000 என விலை வைத்தால் ஆலை ஒன்றையும் கடை ஒன்றையும் வாங்கும், வரவு 2000. ஒவ்வொன்றும் 300 என்று வைத்தால் இருவரும் இரண்டையும் வாங்குவர், வரவு 1200தான். இரண்டையும் சேர்த்துக் கட்டி 1300 என்றால்? இருவரும் வாங்குவர், வரவு 2600. வாங்குபவர் மனத்தில் இருக்கும் விலை அறியாமலே, இருவரிடமும் அவரவர் தரக்கூடிய முழுத்தொகையையும் விற்பவர் பெற்றுவிடுகிறார்.

இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆயினும் வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது. தொகுப்பில் இருக்கும் நாற்பது செயலிகளில், தனியே விற்றால் காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடியவை எத்தனை? அவற்றின் விலையைக் கூட்டித் தொகுப்பின் விலையோடு ஒப்பிட வேண்டும். எஞ்சியவை இலவசம் என்று எண்ணுவது தவறு. அவை அந்த ஆலைக்கு இல்லாதவையே. ஆலைக்கு வாடிக்கையாளர் செயலி 300க்கு மாறாகச் சுழியம் பெறும் என்றால், அதே 1300 நல்ல விலை ஆகாது.

தொகுப்பு வழியில் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் ஒன்று தமிழகத்திலேயே இருப்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஸ்ரீதர் வேம்புவும் உடன்பிறந்தாரும் நண்பர்களும் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது, 2009இல் சோஹோ எனப் பெயர் மாறியது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. 2017இல் 'சோஹோ ஒன்' என்ற தொகுப்பை வெளியிட்டபோதே அதில் முப்பதுக்கும் மேற்பட்ட செயலிகள் இருந்தன. பின்னர் நாற்பதையும் கடந்தது. அந்த நிறுவனத்தில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் வெளியேறிச் சென்னையில் எதிர்வழியில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 'ஃபிரெஷ்டெஸ்க்' என்ற அது செய்தது ஒரே வேலை: வாடிக்கையாளர் முறையீடுகளை வாங்கி, வரிசைப்படுத்தி, விடை கொடுக்க உதவுவது. ஒரே வேலையைச் செவ்வனே செய்ததால் வளர்ந்தது. வளர்ந்ததும் விற்பனை, அரட்டை, அலுவலக உதவி எனப் பிற செயலிகளைச் சேர்த்தது. 2017இல் 'ஃபிரெஷ்வொர்க்ஸ்' எனப் பெயரை விரித்துக்கொண்டது. 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

தனிச்செயலி என்றும் தனிச்செயலியாக இருப்பதில்லை என்பது இதில் காணக்கிடைக்கிறது. வெற்றி பெற்றால் அது தானே தொகுப்பாகிறது. அல்லது ஒரு தொகுப்பு அதனை விழுங்குகிறது. குழுவாகப் பணிபுரிவோர் உரையாடுவதற்கென்றே அமைந்த 'ஸ்லாக்' செயலியின் வரலாறு பின்னதற்குச் சான்று. மைக்ரோசாஃப்ட் 2017இல் தன் ஆபீஸ் தொகுப்புக்குள் 'டீம்ஸ்' செயலியைச் சேர்த்தது. ஆபீஸ் வைத்திருப்போர்க்கு டீம்ஸ் தனிச்செலவின்றிக் கையில் இருக்க, ஸ்லாக்கிற்கு ஏன் தனியே பணம் கட்ட வேண்டும் என்று நிறுவனங்கள் எண்ணத் தொடங்கின. 2020 ஜூலையில் ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. வழக்கு ஊர்ந்துகொண்டிருக்கையிலேயே ஸ்லாக்கை சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெருநிறுவனம் 2021இல் வாங்கித் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. டீம்ஸைப் பிரித்து விற்பது ஐரோப்பாவில் 2023இலும் உலகெங்கும் 2024இலும் தொடங்கிற்று. மைக்ரோசாஃப்ட் கொடுத்த உறுதிமொழிகளை ஆணையம் 2025 செப்டம்பரில் ஏற்றது. முறையீட்டிற்கும் முடிவிற்கும் இடையே ஐந்து ஆண்டுகள். செயலி வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது, இன்று தாம் தேர்ந்தெடுக்கும் கருவியின் உடைமையாளர் ஐந்தாண்டில் மாறிவிடக்கூடும் என்பதைத்தான்.

இனி, விலையைவிடப் பெரிய செலவுக்கு வருதல் வேண்டும். அது இரண்டு கருவிகள் சந்திக்கும் மூட்டில் இருக்கிறது. மூன்று செயலிகள் இருந்தால் அவற்றிடையே மூன்று இணைப்புகள். ஆறு இருந்தால் பதினைந்து வரை போகலாம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒருவர் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதுகிறார். அல்லது ஒரு நிரல் அந்த வேலையைச் செய்கிறது. நிரல் நின்றுபோனால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பது பெரும்பாலும் எவருக்கும் தெரிவதில்லை. எடைமேடைக்காரரைக் கேட்டால் கணக்குச் செயலியின் குறை என்பார். கணக்குச் செயலிக்காரரைக் கேட்டால் எடைமேடையின் குறை என்பார்.

1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷி என்ற சாக்லேட் நிறுவனத்திற்கு நேர்ந்தது இந்த வகையில் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றுவிட்டது. அந்நிறுவனம் முதன்மைப் பணிகளுக்கு எஸ்.ஏ.பி. தொகுப்பையும், சரக்கு அனுப்பும் திட்டமிடலுக்கு மானுஜிஸ்டிக்ஸ் என்ற தனிச்செயலியையும், வாடிக்கையாளர் பணிக்கு சீபல் என்ற தனிச்செயலியையும் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றும் தன் துறையில் பெயர்பெற்றது. திட்டத்தின் செலவு 11 கோடியே 20 லட்சம் டாலர். 48 மாதங்கள் வேண்டும் என்று சொல்லப்பட்ட பணியை 30 மாதங்களில் முடிக்க முற்பட்டனர். அதுவும் தள்ளிப்போய், மூன்றையும் ஒரே வேளையில் 1999 ஜூலையில் தொடக்கிவைத்தனர். ஹாலோவீன், கிறிஸ்துமஸ் திருநாள்களுக்கான தேவை குவியும் காலம் அது. கிடங்கில் சாக்லேட் இருந்தது, கடைகள் கேட்டன, ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு போய்ச்சேரவில்லை. காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. கிடங்கில் இடம் போதாத நாள்களில் சரக்கை அங்கங்கே தற்காலிகமாக அடுக்கிவைப்பது அங்கிருந்தோர் வழக்கம். அந்த இடங்கள் எவையும் புதிய அமைப்பில் பதிவாகவில்லை. மனிதர்க்குத் தெரிந்திருந்தது, கணினிக்குத் தெரியவில்லை.

களத்து ஓரத்திலும், பழைய கொட்டகையிலும், பக்கத்து உறவினர் கிடங்கிலும் மூட்டை அடுக்கும் ஆலைக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனவே தொகுப்பே நல்லது என்று முடிவுகட்டிவிடலாமா? ஜெர்மனியின் லிடில் கடைகளின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான மளிகைக் கடைகள் நடத்தும் அந்நிறுவனம் 2011 முதல் ஏழாண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவிட்டு, 2018இல் எஸ்.ஏ.பி. தொகுப்பைக் கைவிட்டதாகச் செய்தி ஏடுகள் எழுதின. சிக்கலின் வேர் என்று சொல்லப்பட்டது வியப்பளிப்பது. சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். தொகுப்பின் இயல்பான அமைப்போ விற்பனை விலையில் மதிப்பிடுவது. லிடில் தன் வழக்கத்தை மாற்ற மறுத்துத் தொகுப்பை மாற்றச் சொன்னது. மாற்ற மாற்ற அது சிக்கலாயிற்று. ஊர்ச் சந்தை வியாபாரியும் ஒரு நாளில் முடிவு செய்துவிடும் ஒரு கேள்வியில் 50 கோடி யூரோ கரைந்தது.

தொகுப்பு என்பது செயலிகளின் கூட்டம் மட்டுமன்று. தொழிலை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதைப் பற்றிய ஒரு கருத்தும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கருத்து ஆலைக்குப் பொருந்துமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அரிசி ஆலையில் இது எங்கே முட்டும்? பெரும்பாலான பொதுச் சரக்கிருப்புச் செயலிகள் கடைக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நூறு சோப்பு வாங்கினால் நூறு சோப்பு விற்க வேண்டும். குறைந்தால் திருட்டு, அல்லது பிழை. ஆலையிலோ வாங்கிய பொருளை அப்படியே விற்பதே இல்லை. நெல் உள்ளே போகிறது. அரிசி, குருணை, தவிடு, உமி என நான்காகப் பிரிந்து வெளியே வருகிறது. அரசுக்காக அரைத்துக்கொடுக்கும் ஆலைகளுக்கு 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ என்பது வரையறை. தனியார் வணிகத்தில் அந்த எண்ணிக்கை இரகத்துக்கு இரகம், ஈரத்துக்கு ஈரம் மாறும். ஆலைக்காரரின் இலாபம் முழுவதும் இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. எந்தக் களத்து நெல், எந்த ஈரப்பதத்தில் வந்தது, எத்தனை மணி ஊறியது, எவ்வளவு அரிசி கொடுத்தது என்பதை இணைத்துக் காட்டவல்ல கருவி, மற்ற நாற்பது செயலிகளைவிட மதிப்புடையது. இதனைப் பொதுத் தொகுப்பில் செய்யவே முடியாது என்று கூற இயலாது. உற்பத்திப் பகுதி உள்ள தொகுப்புகளும் உண்டு. ஆனால் அவற்றில் இதனை அமைத்துக்கொடுக்க ஒருவரை அமர்த்த வேண்டும். அவருக்கு முதலில் கருக்காய் என்றால் என்ன என்று கற்பிக்க வேண்டும்.

ஆகவே வழி ஓரளவு தெளிவாகிறது. எந்த வேலை தவறினால் விவசாயியோ வியாபாரியோ ஆலையை விட்டுப் போய்விடுவாரோ, எந்த வேலையில் அந்த ஆலையின் வழக்கம் பிற தொழில்களின் வழக்கத்தோடு ஒத்துப்போகாதோ, அங்கே தனிச்செயலி வேண்டும். ஆலைக்கு அது எடைமேடை முதல் அரவை வரை. பட்டுக்கடைக்கு அது வேறு: நெசவாளிக்குக் கொடுத்த பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றின் கணக்கு. பள்ளிக்கு அது மாணவர் பதிவேடு. எந்தத் தொழிலாயினும் இத்தகைய வேலை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பத்து இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் தம் தொழிலை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மின்னஞ்சல், கோப்புகள், ஊழியர் வருகை, சம்பளம் முதலியவை எல்லாத் தொழில்களுக்கும் ஒன்றே. அவற்றில் தனிச்சிறப்புத் தேடி அலைவது வீண், தொகுப்பே போதும்.

கணக்கு எந்தப் பக்கம் என்று பலர் கேட்பதுண்டு. டாலியின் பிறப்பே இதற்கு விடை கூறும். ஷ்யாம் சுந்தர் கோயங்கா தென்னிந்திய, கிழக்கிந்திய ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உறுப்புகளும் விற்றுவந்த வணிகர். தம் கணக்கைப் பேணப் பொருத்தமான செயலி கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் அவ்வாறு தொடங்கியது, ஒரு வணிகரின் மேசைக்கு வேண்டியதை மட்டும் செய்த தனிச்செயலியே. இன்று அது தெரியாத கணக்கர் அரிது. தணிக்கையாளர் அலுவலகமெல்லாம் அதன் கோப்பையே கேட்கிறது. ஊரில் எல்லாரும் அறிந்த கருவி என்பதே ஒரு தனி மதிப்பு. கணக்குப்பிள்ளை நாளை ஓய்வு பெற்றால் அடுத்தவர் அடுத்த வாரமே வந்து அமரலாம். அழகான புதிய தொகுப்பில் கணக்கை மாற்றுமுன் இந்த மதிப்பை எடைபோட்டுப் பார்ப்பது நன்று.

கணக்குச் செயலியில் இன்னொன்றும் உண்டு: சட்டம் மாறும் வேகம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உடையோர்க்கு 2020 அக்டோபரில் தொடங்கிய மின்பட்டியல் முறை, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடி ரூபாய் நிறுவனங்களை எட்டியது. 2025 செப்டம்பர் 22இல் வரி விகிதங்களே மாற்றியமைக்கப்பட்டன. அரிசிக்காரர் மறக்க முடியாத நாள் 2022 ஜூலை 18. முன்கூட்டியே கட்டி முகப்புச்சீட்டு ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 விழுக்காடு வரி என அன்று நடைமுறைக்கு வந்தது. சந்தையில் 26 கிலோ மூட்டை பிறந்த கதை அதுதான். 25 கிலோ என்ற எண்ணை ஆழமாகப் பதித்து எழுதப்பட்ட செயலி வைத்திருந்த ஆலைக்கு, இருப்பு, விலை, சாக்குக் கணக்கு அனைத்தும் ஒரே வாரத்தில் மாற வேண்டியிருந்தது. செயலி எழுதியவர் ஒருவரே, அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப்பார்க்கலாம். தனிச்செயலியின் பெருங்குறை இங்கேதான். சிறந்த கருவியை இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு நிறுவனம் எழுதியிருக்கும். அது நாளை இருக்குமா என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. விற்பவரிடம் வசதிகளின் பட்டியலைக் கேட்பதைவிட, 2022 ஜூலையில் எத்தனை நாளில் மாற்றம் செய்து கொடுத்தார் என்று அவரிடம் வாங்கிய நான்கு ஆலைகளில் விசாரிப்பது பயன் தரும். செயல்விளக்கத்தில் எந்தச் செயலியும் பழுதாவதில்லை. அது அதற்கென்றே ஆயத்தப்படுத்தப்பட்டது.

சந்தா விதிகளையும் கூர்ந்து படிக்க வேண்டும். சில தொகுப்புகளில் மலிவான விலை, நிறுவனத்தின் ஊழியர் அனைவருக்கும் சேர்த்து வாங்கினால் மட்டுமே கிடைக்கும். பயன்படுத்துவோர்க்கு மட்டும் என்றால் தலைக்கு விலை கூடும். சோஹோ ஒன் தொகுப்பிலும் இவ்விரு முறைகள் உண்டு. எல்லாரும் கணினி முன் அமரும் அலுவலகத்திற்கு முதல் முறை இலாபம். நாற்பது பேர் மூட்டை தூக்க, நான்கு பேர் மட்டும் கணினி தொடும் ஆலைக்குக் கணக்கே வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை எந்த முறைக்கு உரியது என்பதைக் கேட்டறியாமல் கையெழுத்திடலாகாது.

வெளியேறும் வழியையும் உள்ளே நுழையும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கேடுகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். சந்தா நின்றதும் திரை மூடிக்கொள்ளும் செயலியில் ஆறாண்டுக் கணக்கு சிக்கிக்கொண்டால், அதிகாரி கேட்கும் நாளில் காட்டுவதற்கு எதுவும் இராது. 'தரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எல்லா விற்பனையாளரும் சொல்வர். எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பெயரும் தொகையும் மட்டும் கொண்ட ஒரு தாள் வருகிறதா, அல்லது எந்த நெல் எந்த அரிசியானது என்ற தொடர்பும் சேர்ந்து வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். முன்னதே வருகிறது என்றால், ஆலையின் பல்லாண்டு அனுபவம் அந்தச் செயலிக்குள் அடகு வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தொகுப்பில் இந்த அடகு இன்னும் கனமானது. ஒன்றை விட்டால் அனைத்தையும் விட வேண்டிவரும்.

இவ்வளவிலும் பெரிதும் பேசப்படாதவர் அந்தக் கணக்குப்பிள்ளை. முப்பதாண்டாய் ஓர் ஆலையில் இருப்பவருக்கு, எந்த விவசாயிக்கு மகள் திருமணத்திற்கு முன்பணம் கொடுக்கப்பட்டது, எந்த வியாபாரி பொங்கலுக்குப் பிறகே பணம் தருவார், எந்தக் கொட்டகையில் பழைய மூட்டை கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஹெர்ஷியில் கணினிக்குத் தெரியாமற்போனது இந்த வகை அறிவுதான். படித்துத் திரும்பிய மகனோ மகளோ புதிய செயலியைக் கொண்டுவரும்போது, முதலில் பெயரிழந்து நிற்பவர் அவர்தான். அவரைத் தேர்வில் சேர்த்துக்கொள்ளாமல் வாங்கிய செயலி, தொகுப்பாயினும் தனிச்செயலியாயினும், ஓராண்டில் மூலையில் கிடக்கும். பழைய நோட்டு மேசைக்குத் திரும்பிவிடும். அவர் ஒத்துழைக்கவில்லை என்று பிறகு குறைகூறுவது நேர்மையாகாது. எழுதும் முறையில் எங்கெங்கு இரட்டிப்பு நடக்கிறது என்று அவரிடமே ஒரு வாரம் குறித்துத் தரச் சொன்னால், எந்த மூட்டை முதலில் இணைக்க வேண்டும் என்பது யார் சொல்லாமலும் தெரிந்துவிடும். மேலே காட்டிய ஆலையில் அநேகமாக அது எடைமேடைக்கும் டாலிக்கும் இடையே உள்ள மூட்டாகவே இருக்கும். அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் ஐந்தில் மூன்று எழுத்துகள் குறைந்துவிடும். முழுத் தொகுப்பு வாங்க வேண்டிய தேவையே அப்போது எழாமற்போகலாம்.

மாற்றும் காலமும் முக்கியம். சம்பா நெல் குவியும் தை, மாசியில் எந்த ஆலையும் புதிய செயலியைத் தொடங்கக் கூடாது. அது ஹெர்ஷியின் ஜூலை. வரத்துக் குறைந்த நாள்களில், ஒரு எடைமேடையில், ஒரு இரகத்துக்கு மட்டும் தொடங்கி, பழைய நோட்டையும் ஒரு போகம் முழுவதும் உடன் எழுதிவர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத நாள்களில் எது தவறியது என்று உடனே பார்க்க வேண்டும். சில வேளைகளில் தவறியது நோட்டாகவும் இருக்கும்.

கடைசியாக ஒரு சிறு சோதனை. எந்தச் செயலியானாலும், விவசாயி கையில் கொடுக்கும் சீட்டை அது தமிழில் அச்சிடுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மொத்த எடை, வண்டி எடை, ஈரப்பதம், கழிவு, விலை, சேர வேண்டிய தொகை ஆகிய ஆறும் அதில் தனித்தனியே தெரிய வேண்டும். இதற்குத் தனிக்கட்டணம் என்று சொல்லும் செயலிகள் உண்டு. முடியாது என்று சொல்பவையும் உண்டு. டிராக்டரை விட்டு இறங்கி நிற்கும் முதியவர் அந்தச் சீட்டை விளக்கடியில் வைத்துத் தாமே படித்துப் பார்க்கிறார். கழிவு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் கேட்கிறார். விடை கேட்டுக்கொண்டு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.